ஆறுதல் என்னும் தடை: எண்ணச் சுழற்சி நோயும் குடும்பமும் சிகிச்சையும்

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கை கழுவுவதையும் பூட்டை இழுத்துப் பார்ப்பதையும் தாண்டுவதில்லை. நோயாளிகள் சிகிச்சைக்குத் தாமதமாக வருவதற்குக் கூச்சமும் அறியாமையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவை உண்மைதான். ஆனால் வலுவான இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: சுற்றியிருப்போர் அன்போடு தரும் ஆறுதல், பல ஆண்டுகள் சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இங்கு அடிப்படையானது. மனநோய் ஏதுமில்லாதவர்களிடம் விசாரித்ததில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர், அழையாமல் வந்து அலைக்கழிக்கும் எண்ணங்கள் தமக்கும் உண்டு என்றார்கள். நோயாளிகளின் எண்ணங்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிவது எளிதாக இல்லை. பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிடுவோமோ, சன்னதியில் நிற்கும்போது சாமியை மனத்துக்குள் வைதுவிடுவோமோ என்ற எண்ணம் யாருக்கும் வரலாம். வந்த வேகத்தில் போய்விடும். நோயாளிக்கு மட்டும் அது குற்றச்சாட்டாக நின்றுவிடுகிறது. இப்படி நினைத்த நான் எப்படிப்பட்டவன் என்று அவர் தன்னையே விசாரிக்கத் தொடங்குகிறார். வரக்கூடிய தீங்குக்கெல்லாம் தானே பொறுப்பு என்ற மிகையான உணர்வை பால் சல்காவ்ஸ்கிஸ் 1985இல் இந்நோயின் மையத்தில் வைத்தார். கொடியவர்களை இந்த எண்ணங்கள் வதைப்பதில்லை. மனச்சாட்சி மிகுந்தவர்களையே வதைக்கின்றன. அதனால்தான் அவர்கள் வாய் திறப்பதுமில்லை.

அந்த வதையைத் தணிக்கவே சடங்குகள் பிறக்கின்றன. கழுவுதல், எண்ணுதல், சரிபார்த்தல் ஆகியவை வெளியே தெரியும். கேள்வி கேட்பதும் ஒரு சடங்கு என்பது எளிதில் தெரிவதில்லை. “கேஸை மூடிட்டேனாம்மா?” என்று மகன் கேட்கிறான், “மூடியாச்சுப்பா” என்கிறாள் தாய். சில நிமிடம் நிம்மதி. பிறகு, அம்மா சரியாகப் பார்த்தாளா என்ற புதுச் சந்தேகம். கிடைத்த நிம்மதியே அடுத்த கேள்விக்கு வித்தாகிறது. நாளடைவில் வீடே நோயின் ஒழுங்குக்கு வந்துவிடும்: வெளியே போய் வந்தவர்கள் எல்லாரும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், பூட்டை மனைவி இழுத்துப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும்.

மடியும் தீட்டும் பழகிய சமூகத்தில் இது நோயென்று உறைக்க நாளாகிறது. எனினும் ஆசாரம் இந்நோயை உண்டாக்குகிறது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஆசாரத்துக்கு எல்லை உண்டு. குளித்தால் தீட்டு கழிந்தது. நோய்க்கு அந்த எல்லை இல்லை. பரிகாரமாகக் கோயிலைப் பதினொரு சுற்று சுற்றச் சொன்னால், எண்ணிக்கை தவறியதோ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார் நோயாளி. மருத்துவமும் இப்படிப் பயன்படுவதுண்டு. எய்ட்ஸ் பயத்தில் ஒரே ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்பவர் சிகிச்சை நாடுபவராகத் தோன்றினாலும், ஆய்வுக்கூடத்திலும் அவர் தேடுவது ஆறுதலைத்தான்.

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட பணி இந்தச் சங்கிலியை அறுத்தது. நோயாளியை அவர் அஞ்சும் பொருளை நெருங்கவைத்து, வழக்கமான சடங்கைச் செய்யாதிருக்கச் செவிலியர் துணை நின்றனர். எதிர்பார்த்த தீங்கு வரவில்லை, பதற்றமும் தாங்கக்கூடியதாயிற்று. பின்னர் மேயரும் சகாக்களும் இம்முறையில் சிகிச்சை அளித்த 15 பேரில் 10 பேர் பெரிதும் தேறினர். எட்னா ஃபோவா குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வில், இச்சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 62 விழுக்காட்டினர் பயன்பெற்றனர். குளோமிப்ரமின் மருந்து பெற்றவர்களில் 42, போலி மாத்திரை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினர்.

மருந்தைக் குறைத்து மதிப்பதற்கில்லை. ஃப்ளூஆக்ஸடின், செர்ட்ராலின் போன்றவை பலருக்கு உதவுகின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு பெரும்பாலும் தேவைப்படும்; முழுப் பலனை அறிய 8 முதல் 12 வாரம் ஆகும். இதைச் சொல்லாமல் சீட்டு எழுதினால், இரண்டு வாரத்தில் மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள்.

பதறும் பிள்ளைக்குப் பதில் சொல்லாதே என்று தாயிடம் கூறுவது கொடுமையில்லையா? திடீரென்று கைவிட்டால் கொடுமைதான். நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாக, முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. “இது நோய் கேட்கிற கேள்விப்பா. பதில் சொல்லமாட்டேன், ஆனா உன் கூடவே உட்கார்ந்திருக்கேன்” என்று தாய் சொல்லப் பழகுவதும் சிகிச்சையின் பகுதி.

2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்நோயுள்ளவர்கள் 0.8 விழுக்காடு என்று மதிப்பிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஓசிடிக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எல்லாரும் அங்கே போக முடியாது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 எண்ணில் அழைக்கலாம். அது வழிகாட்டுமே தவிர வாரந்தோறும் தரவேண்டிய பயிற்சிக்கு ஈடாகாது. ஆகவே மாவட்ட மருத்துவமனைகளில் முதல் நேர்காணலே மாறியாக வேண்டும். வாயில் வராத எண்ணங்களை மருத்துவரே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: பிறரைக் காயப்படுத்துவது, முறையற்ற காமம், தெய்வ நிந்தனை. உடன் வந்தவர்களிடம், நோயாளிக்காக நீங்கள் வீட்டில் என்னென்ன செய்து கொடுக்கிறீர்கள், ஒரு நாளில் எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்தப் பதிலை முதலில் குறைக்கத் தொடங்குவது என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.