ஆப்பும் வட்ட ரம்பமும்

பஞ்சதந்திரத்தில் வரும் ஆப்பசைத்த குரங்கை நாம் அனைவரும் அறிவோம். தச்சர் பாதி பிளந்த மரத்தில் ஆப்பை இறுக்கிவிட்டு உணவுக்குச் செல்கிறார். குரங்கு ஆப்பைப் பிடுங்குகிறது, பிளவு மூடிக்கொள்கிறது, குரங்கு மாள்கிறது. தனக்குரியதல்லாத காரியத்தில் தலையிடலாகாது என்ற நீதியோடு நாம் கதையை முடித்துக்கொள்கிறோம். ஆனால் அதற்குள் தச்சுத்தொழிலின் அடிப்படை உண்மை ஒன்று இருக்கிறது. பிளவுண்ட மரம் மீண்டும் மூடிக்கொள்ளப் பார்க்கும். அதைத் திறந்து வைத்திருப்பது ஆப்பு. பட்டறைக்கு மேசை ரம்பம் வாங்க எண்ணுபவர் முதலில் அறிய வேண்டியது இதுவே என்பது நம் கருத்து.

மரம் வளரும்போதும் உலரும்போதும் அதனுள் இறுக்கங்கள் சேர்கின்றன. அறுக்கும்போது அவை விடுபட்டு, பலகை வளைகிறது. அறுத்த வாய் சில வேளைகளில் குறுகி ரம்பத்தைக் கவ்வுகிறது. ஐரோப்பாவின் குழி ரம்பத்தில் ஒருவர் மரத்தின் மேலும் மற்றவர் குழிக்குள்ளும் நின்று அறுத்தனர். மேலிருப்பவர் கோட்டைப் பார்ப்பார். கீழிருப்பவர் மரத்தூளைத் தாங்குவார். மேலாளுக்கு வழங்கிய சொல் ஆங்கிலத்தில் உயர்நிலையில் உள்ளவரையும் குறிக்கலாயிற்று. மரம் கவ்வினால் ரம்பம் நின்றுவிடும். அறுத்த வாயில் ஓர் ஆப்பை இறக்கிவிட்டு இருவரும் வேலையைத் தொடர்வர்.

1777இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையில் வட்ட வடிவ ரம்பம் குறிப்பிடப்படுகிறது. அதே ஊரின் வால்டர் டெய்லர் கடற்படைக்குக் கப்பிகள் செய்ய வட்ட ரம்பங்களைப் பயன்படுத்தினார். பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,000 கப்பிகள் தேவைப்பட்ட காலம் அது. பின்னர் மார்க் புரூனெல் வகுத்து, ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய இயந்திரங்கள் போர்ட்ஸ்மத் துறையில் நிறுவப்பட்டன. 1808 அளவில் அங்கே ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் உருவாயின. தேர்ந்த தொழிலாளர் 110 பேரின் வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர் என்பது அதைப் பற்றி வழங்கும் கணக்கு.

கையின் திறமை இயந்திரத்துக்கு மாறியபோது கையின் எச்சரிக்கை உடன் மாறவில்லை. குழி ரம்பம் கவ்வப்பட்டால் நிற்கும்; வட்ட ரம்பமோ நிற்பதில்லை. அதன் முன்புறப் பற்கள் கீழ்நோக்கியும் பின்புறப் பற்கள் மேல்நோக்கியும் ஓடுகின்றன. அறுத்த வாய் மூடிப் பின்பற்களைத் தொட்டால், அவை பலகையைத் தூக்கி எதிரில் நிற்பவர்மேல் எறியும். நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் 10 அங்குல ரம்பத்தின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பலகையோடு கையும் ரம்பத்தை நோக்கி இழுபடலாம்.

இதற்கு விடை பழைய ஆப்பேதான். ரம்பத்தின் பின்னால், அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு தகடு பொருத்தப்படுகிறது. ரிவிங் நைஃப் என்பது அதன் பெயர். அமெரிக்க ரம்பங்களில் நெடுங்காலம் இதற்கு மாறாக, மேல்மூடியோடு இணைந்த அசையாத தகடே இருந்தது. பள்ளம் அறுக்க அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றியது பல பட்டறைகளில் திரும்பப் பூட்டப்படவில்லை. ஏறி இறங்கும் தகடு அங்கே புதிய ரம்பங்களில் பரவலானது 2000களின் பிற்பகுதியில்தான்.

இயற்பியல் பயின்ற காப்புரிமை வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ், 1999இல் வேறொரு வழி கண்டார். உடல் தொட்டால் மின்குறிப்பு மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை ரம்பத்தில் பாய்ந்து, 5 மில்லி வினாடிக்குள் அதை நிறுத்திவிடும். நிறுவனங்கள் ஏற்காததால், அவரது சாஸ்டாப் நிறுவனமே 2004இல் ரம்பங்களை விற்கத் தொடங்கியது. இதைக் கட்டாயமாக்கக் கோரி 2003இல் அவர் அரசிடம் மனுச் செய்தார். மற்ற நிறுவனங்கள் விலையையும் காப்புரிமையையும் காட்டி எதிர்த்தன. 2015இல் மட்டும் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த மேசை ரம்பக் காயங்கள் 30,000க்கும் மேல் என்பது அரசின் மதிப்பீடு. எனினும் இந்தத் தடை காப்பது ரம்பத்தைத் தொடும் விரலையே. பறந்து வரும் பலகையை அது தடுப்பதில்லை.

ஆகவே ரம்பம் வாங்கும்போது குதிரைத்திறனுக்கு முன் தகட்டைப் பார்ப்போம். அது ரம்பத்தின் உடலைவிடத் தடித்ததாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிட மெலிந்ததாகவும் இருக்க வேண்டும். மேசை சமமாகவும் கனமாகவும், பக்கச் சட்டம் பூட்டியபின் அசையாமலும் இருக்கிறதா என்பது அடுத்தது. நிறுவுவதற்கும் ஒரு முறை உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்தபின், மேசையில் வெட்டப்பட்டுள்ள பள்ளத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒரே பல்லை முன்னும் பின்னும் சுழற்றி, பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளந்து ரம்பத்தை இணையாக்குவது முதல் வேலை. பிறகு பக்கச் சட்டத்தை அதே பள்ளத்துக்கு இணையாக்க வேண்டும். அதன் பின்முனை ரம்பத்தின் பக்கம் சாய்ந்தால் பலகை நெருக்குண்டு எகிறும். இறுதியில் தகட்டை ரம்பத்தின் நேர்கோட்டில் நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு பிற்பகல் போதும். அவசர வேலைக்காகத் தகட்டைக் கழற்ற நேர்ந்தால், கழற்றியவரே அன்று மாலைக்குள் அதைப் பூட்டிவிட வேண்டும் என்பதைப் பட்டறையின் முதல் விதியாக எழுதி வைக்கலாம். அடுத்த நாள் காலை அந்த ரம்பத்தின் முன் வந்து நிற்பவர் வேறொருவராக இருக்கலாம்.