மூலம் யார் கையில்? கைப்பேசிக்குள் வந்த ஆவணத்தின் வரலாறு

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஆவணச் சான்றுகளை இரண்டாகப் பிரித்தது. நீதிமன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படும் ஆவணமே முதன்மைச் சான்று. சான்றளிக்கப்பட்ட நகல் முதலியன இரண்டாம்நிலைச் சான்று. மூலம் என்பது கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணமே இப்பாகுபாட்டுக்கு அடிப்படை. 'உண்மை நகல்' என்னும் முத்திரைக்காக அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்களைத் தேடி மாணவர்கள் அலைந்ததும் அந்த எண்ணத்தின் நீட்சியே.

கணினியுலகில் இதற்கு மாற்றான சிந்தனையை முன்வைத்தவர் டெட் நெல்சன். 1960இல் 'சனடு' என்னும் திட்டத்தைத் தொடங்கிய அவர், ஒரு நூலின் பகுதியை மற்றொரு நூலில் காட்டுவதற்கு அதைப் படியெடுக்க வேண்டியதில்லை, மூலத்தோடு தொடர்பு அறாமலே காட்டலாம் என்றார். இதற்குப் பின்னாளில் அவர் இட்ட பெயர் 'டிரான்ஸ்குளூஷன்'. சனடு அவர் எண்ணியவாறு பரவவில்லை. ஆயினும், ஒரு பக்கத்துக்குள் மற்றொரு பக்கத்தைக் காட்டும் 'ஐஃபிரேம்' 1997 டிசம்பரில் வெளியான எச்டிஎம்எல் 4.0 தரநிலையில் இடம்பெற்றது. 2008இல் வந்த ஆண்ட்ராய்டின் முதற்பதிப்பிலேயே செயலிக்குள் இணையப் பக்கத்தைத் திறக்கும் 'வெப்வியூ' இருந்தது. இவ்வாறு உட்பொதிக்கப்படும் ஆவணம் செயலிக்குள் இருப்பதுபோல் தோன்றும். அது இருப்பதோ தொலைவிலுள்ள சேவையகத்தில்.

இந்தியாவில் இந்த வேறுபாடு சட்டத்தின் பொருளானது டிஜிலாக்கரால். 2015 ஜூலையில் தொடங்கப்பெற்ற இச்சேவையில் ஆவணங்கள் இருவகை. பயனர் தாமே பதிவேற்றுபவை ஒருவகை. அரசுத் துறையோ கல்வி வாரியமோ வழங்குபவை மற்றொரு வகை. இரண்டாம் வகையில் பயனரின் கணக்கில் இருப்பது ஒரு முகவரிக் குறியீடு மட்டுமே: வழங்கிய நிறுவனம், ஆவண வகை, ஆவண எண் என்னும் மூன்று கூறுகள் கொண்டது. திறக்கும்போது ஆவணம் வழங்கியவரின் களஞ்சியத்திலிருந்து கொணரப்படுகிறது. 2017 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளின் 9ஏ, இவ்வாறு வழங்கப்படும் ஆவணத்தை அசல் தாளுக்கு நிகராக வைத்தது. அசல் தாளைப் பயனரே படமெடுத்துப் பதிவேற்றினால் அந்தத் தகுதி இல்லை. கையிலிருப்பதன் பிரதி நகலாக நிற்க, தொலைவிலிருந்து வரும் தோற்றம் மூலத்தின் இடத்தைப் பெற்றது.

இதன் பொருள் 2018இல் மேலும் தெளிவாயிற்று. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டப்படும் ஓட்டுநர் உரிமத்தை ஏற்க வேண்டும் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. குற்றம் நேர்ந்தால் உரிமத்தை மின்னணு முறையிலேயே முடக்கலாம்; தாளைப் பறிமுதல் செய்யத் தேவையில்லை என்றும் அது கூறியது. கைப்பேசி உரியவரின் சட்டைப்பையிலேயே இருக்க, ஆவணம் மட்டும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிடும்.

இம்மாற்றத்தின் நன்மை சிறிதன்று. வெள்ளத்தில் சான்றிதழை இழந்தவர் மறுநாளே அதைத் திறந்து காட்டலாம். போலிச் சான்றிதழுக்கு இடம் குறைகிறது. ஆனால் தாளுக்கு வேறொரு பணியும் இருந்தது. வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டில் பின்னர் பெயரோ பிறந்த நாளோ தவறாக மாற்றப்பட்டால், குடிமகன் தன் கையிலிருந்த தாளைக் காட்டி அந்தப் பதிவேட்டையே மறுக்க முடிந்தது. அரசு ஒருகாலத்தில் சொன்னதற்கு, அரசின் பிடிக்கு வெளியே இருந்த சாட்சி அது. முகவரி மட்டும் கையிலிருக்கும்போது பதிவேடு இன்று சொல்வதே திறக்கும். நேற்று சொன்னது திறக்காது.

வரலாற்று மாணவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. அடித்தலும் திருத்தலுமாகக் குடும்பப் பெட்டிகளில் கிடந்த தாள்களிலிருந்து எத்தனையோ சமூக வரலாறுகள் எழுதப்பட்டிருக்கின்றன. உட்பொதித்த ஆவணம் அத்தகைய தடத்தைப் பயனரிடம் விட்டுச்செல்வதில்லை. நெல்சனின் திட்டத்தில் பழைய வடிவங்களைக் காத்தலும் ஓர் இன்றியமையாத கூறாக இருந்தது. மூலத்தோடு தொடர்பு அறாத ஆவணத்தை நடைமுறைப்படுத்திய நிறுவனங்கள், அதன் முந்தைய வடிவங்களைக் காணும் உரிமையையும் உரியவருக்கு அளிக்கும்போதே அம்மாற்றம் முழுமை பெறும்.