செனார்மோன்டைட்டு

செனார்மோன்டைட்டு என்பது அந்திமனியும் ஆக்சிசனும் சேர்ந்து உருவான, அரிதாகக் கிடைக்கும் ஓர் ஆக்சைடுக் கனிமம் ஆகும். இரண்டு அந்திமனி அணுக்களுக்கு மூன்று ஆக்சிசன் அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த அந்திமனி மூவாக்சைடு என்னும் சேர்மமே இதன் வேதிப்பொருள். இதே இயைபைக் கொண்ட மற்றொரு கனிமம் வேலண்டினைட்டு ஆகும். இயைபு ஒன்றாக இருந்தும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறுபடுவதால் இவ்விரண்டும் தனித்தனிக் கனிமங்களாகக் கருதப்படுகின்றன. செனார்மோன்டைட்டு கனசதுரப் படிகத் திட்டத்திலும், வேலண்டினைட்டு நேர்சாய்சதுரப் படிகத் திட்டத்திலும் படிகமாகின்றன.

அந்திமனி மூவாக்சைடு தொழிற்சாலைகளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் டன் அளவில் தயாரிக்கப்படும் ஒரு வேதிப்பொருளாகும். அவ்வாறு தயாரிக்கப்படும் வெண்பொடியின் பெரும்பகுதி செனார்மோன்டைட்டின் படிக அமைப்பையே கொண்டுள்ளது. எனினும் இயற்கையில் இது நல்ல படிகங்களாக ஒரு சில சுரங்கங்களில் மட்டுமே கிடைத்துள்ளது.

அடிப்படைத் தரவுகள்

வகை: ஆக்சைடுக் கனிமம்
வேதி இயைபு: அந்திமனி மூவாக்சைடு
வாய்ப்பாட்டு எடை: 291.5
டேனா வகைப்பாடு: 4.3.9.2
படிகத் திட்டம்: கனசதுரம்
அலகுக் கூட்டின் பக்க நீளம்: 11.15 ஆங்சுட்ராம்
படிக இயல்பு: எண்முகிகள், மணிமணியான பொதிகள், மேற்பூச்சுகள்
நிறம்: நிறமற்றது, வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை
மிளிர்வு: பிசின் மிளிர்வு முதல் வைர மிளிர்வுக்கு நெருங்கியது வரை
கீற்று வண்ணம்: வெள்ளை
மோவின் அளவுகோலில் கடினத்தன்மை: 2 – 2.5
ஒப்படர்த்தி: 5.5
ஒளிவிலகல் எண்: 2.087
பிளப்பு: எண்முகித் தளங்களுக்கு இணையாக, மிகவும் தெளிவற்றது
முறிவு: சமமற்றது

பெயரும் கண்டறிதலும்

அல்சீரியா நாட்டின் வடகிழக்கில், அந்நாளில் கான்சுடன்டைன் எனப்பட்ட மாகாணத்தில் உள்ள செபல் அம்மிமாத் சுரங்கத்திலிருந்து எண்முகி வடிவப் படிகங்கள் பாரிசுக்கு வந்து சேர்ந்தன. அப்போது அல்சீரியா பிரான்சின் ஆட்சியில் இருந்தது. இப்படிகங்களை ஆராய்ந்த பிரெஞ்சுக் கனிமவியலாளர் என்றி யுரோ டி செனார்மோன், இவை இயற்கையில் கிடைக்கும் அந்திமனி ஆக்சைடு என்று 1851 ஆம் ஆண்டில் விவரித்தார். அதே ஆண்டில் அமெரிக்கக் கனிமவியலாளர் சேம்சு டுவைட்டு டேனா, அவரைச் சிறப்பிக்கும் வகையில் இக்கனிமத்துக்கு செனார்மோன்டைட்டு என்று பெயரிட்டார். சுரங்கம் அமைந்துள்ள பகுதி இப்போது ஊம் எல் புவாகி மாகாணத்தில் அடங்கும்.

செனார்மோன் (1808 – 1862) பாரிசு சுரங்கவியல் கல்லூரியில் கனிமவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். படிகங்களில் ஒளியும் வெப்பமும் திசைக்குத் திசை எவ்வாறு வேறுபட்டுப் பரவுகின்றன என்பது அவருடைய முதன்மையான ஆய்வுப் பொருளாகும். மெழுகு பூசிய படிகத் தகட்டின் நடுவில் சூடேற்றி, உருகிய மெழுகின் எல்லை வட்டமாக அமைகிறதா நீள்வட்டமாக அமைகிறதா என்று பார்த்து வெப்பக் கடத்தலின் திசை வேறுபாட்டை அவர் காட்டினார். ஒளியியலில் செனார்மோன் பட்டகம், செனார்மோன் ஈடுசெய்கருவி ஆகியன இவர் பெயரால் வழங்குகின்றன.

வேலண்டினைட்டு என்ற பெயர் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1845 இல், ஆசுத்திரியக் கனிமவியலாளர் வில்லெம் ஐடிங்கரால் சூட்டப்பட்டது. அந்திமனியைப் பற்றி எழுதிய பசீலியசு வேலண்டினசு என்ற இரசவாதியின் பெயரிலிருந்து அது வந்தது. ஆகவே 1851 இல் அறியவந்த புதுமை ஒரு புதிய சேர்மம் அன்று; அறிந்த சேர்மத்தின் இரண்டாவது படிக வடிவமே ஆகும்.

வேதி இயைபு

தூய செனார்மோன்டைட்டின் எடையில் 83.5 விழுக்காடு அந்திமனியும் 16.5 விழுக்காடு ஆக்சிசனும் ஆகும். இதிலுள்ள அந்திமனி மூன்று இணைதிறன் நிலையில் உள்ளது. அந்திமனியின் வெளிக்கூட்டிலுள்ள ஐந்து எதிர்மின்னிகளில் மூன்று பிணைப்பில் ஈடுபட, எஞ்சிய இரண்டும் பிணைப்பில் சேராத தனி இணையாக நிற்கின்றன. இத்தனி இணை ஒரு பக்கத்தை அடைத்துக் கொள்வதால், அந்திமனியைச் சுற்றி மூன்று ஆக்சிசன் அணுக்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தட்டையான பட்டைக்கூம்பு வடிவில் அமைகின்றன.

அந்திமனி மூவாக்சைடு ஈரியல்புள்ள ஓர் ஆக்சைடு. ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைந்து முக்குளோரைடையும், வலிமையான காரங்களில் கரைந்து அந்திமனைட்டு உப்புகளையும் தருகிறது. நீரில் மிகச் சிறிதளவே கரைகிறது. அமிலக் கரைசலில் மிகுதியாக நீர் சேர்த்தால் அந்திமனி ஆக்சிகுளோரைடு வெண்ணிற வீழ்படிவாகத் தோன்றும்.

படிக அமைப்பு

செனார்மோன்டைட்டின் அணு அமைப்பை 1923 ஆம் ஆண்டில் ஆர். எம். போசோர்த் எக்சுக் கதிர்களின் உதவியால் கண்டறிந்தார். 1975 இல் சி. சுவென்சன் இதனை மேலும் துல்லியமாக்கினார்.

பெரும்பாலான உலோக ஆக்சைடுகளில் அணுக்கள் முடிவற்ற வலையாகப் பிணைந்திருக்கும். செனார்மோன்டைட்டில் அவ்வாறில்லை. நான்கு அந்திமனி அணுக்களும் ஆறு ஆக்சிசன் அணுக்களும் சேர்ந்து கூண்டு போன்ற தனித்தனி மூலக்கூறுகளாக உள்ளன. ஒரு நான்முகியின் நான்கு மூலைகளிலும் அந்திமனி அணுக்களை வைத்து, அதன் ஆறு விளிம்புகளின் மேலும் விளிம்புக்கு ஒன்றாக ஆக்சிசன் அணுக்களைச் சற்று வெளியே தள்ளி வைத்தால் கிடைக்கும் வடிவம் இதுவாகும். அந்திமனிக்கும் ஆக்சிசனுக்கும் இடையிலுள்ள பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.98 ஆங்சுட்ராம். ஓர் அலகுக் கூட்டில் எட்டு மூலக்கூறுகள் உள்ளன.

கூண்டுக்குள் பிணைப்புகள் வலிமையானவை. ஆனால் ஒரு கூண்டை அடுத்த கூண்டுடன் பிடித்து வைப்பவை வலிமை குறைந்த விசைகளே. இக்கனிமம் மென்மையாக இருப்பதற்கும், வெப்பத்தில் எளிதில் ஆவியாவதற்கும் இதுவே காரணம். ஆர்சனிக்கு மூவாக்சைடால் ஆன ஆர்சனோலைட்டு என்ற கனிமமும் இதே அமைப்பை உடையது.

வேலண்டினைட்டில் கூண்டுகள் இல்லை. அங்கு அதே பட்டைக்கூம்புகள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலிகளாகச் செல்கின்றன. இதனால் அதன் படிகங்கள் நீண்ட பட்டகங்களாகவும், ஒரு திசையில் செவ்வையாகப் பிளப்பனவாகவும் உள்ளன. அதன் ஒப்படர்த்தியும் சற்று அதிகம், ஏறத்தாழ 5.7 ஆகும்.

இரு வடிவங்களின் நிலைப்பு

சாதாரண வெப்பநிலையில் நிலையான வடிவம் செனார்மோன்டைட்டே ஆகும். சூடாக்கும்போது இது வேலண்டினைட்டு வடிவத்துக்கு மாறுகிறது. இம்மாற்றம் நிகழும் வெப்பநிலை 570 முதல் 606 பாகை செல்சியசு வரை பலவாறாக அளவிடப்பட்டுள்ளது. அந்திமனி மூவாக்சைடு 656 பாகை செல்சியசில் உருகுகிறது.

இதிலிருந்து, குளிர்ந்த நிலப்பரப்பில் வேலண்டினைட்டு இருக்கவே கூடாது என்று தோன்றலாம். ஆனால் வேலண்டினைட்டு பல சுரங்கங்களில் கிடைக்கிறது. சில இடங்களில் இரண்டும் அருகருகே காணப்படுகின்றன. சங்கிலிகளை அறுத்துக் கூண்டுகளாக மாற்றி அமைப்பதற்கு வேண்டிய ஆற்றல் குறைந்த வெப்பநிலையில் கிடைப்பதில்லை. ஆகையால் ஒருமுறை உருவான வேலண்டினைட்டு, நிலையற்றதாயினும், மாறாமல் நீண்ட காலம் தங்கிவிடுகிறது. கரி வடிவக் கார்பனைவிட நிலைப்புக் குறைந்த வைரம் நம் கைகளில் மாறாமல் இருப்பது போன்றதே இதுவும்.

ஒளியியல் பண்புகள்

இக்கனிமத்தின் ஒளிவிலகல் எண் 2.087 ஆகும். குவார்ட்சின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54, வைரத்தினுடையது 2.42 என்பதோடு ஒப்பிட்டால் இது மிக உயர்ந்த மதிப்பு என்பது விளங்கும். தெளிவான எண்முகிகள் வைரத்தை ஒத்த மிளிர்வு காட்டுவது இதனால்தான். ஆனால் மிகவும் மென்மையானது என்பதால் அணிகலன்களுக்கு ஏற்றதன்று.

கனசதுரப் படிகங்களில் ஒளி எல்லாத் திசைகளிலும் ஒரே வேகத்தில் செல்லும். எனவே அவற்றில் இரட்டை ஒளிவிலகல் தோன்றக்கூடாது. ஆனால் செனார்மோன்டைட்டுப் படிகங்கள் பலவற்றை முனைவாக்கிய ஒளியில் வைத்துப் பார்த்தால் மெல்லிய இரட்டை ஒளிவிலகல் தெரிகிறது. இது முறைபிறழ்ந்த இரட்டை ஒளிவிலகல் எனப்படுகிறது. இத்தகைய மெல்லிய இரட்டை ஒளிவிலகலை அளப்பதற்கு இன்றும் பயன்படும் கருவிகளுள் ஒன்று செனார்மோன் ஈடுசெய்கருவியாகும்.

தோன்றும் முறை

செனார்மோன்டைட்டு ஓர் இரண்டாம்நிலைக் கனிமம். அதாவது முன்பே இருந்த வேறொரு கனிமம் சிதைவதால் இது உண்டாகிறது. அந்திமனியின் முதன்மைத் தாது, தமிழில் அஞ்சனக்கல் எனப்படும் இசுடிப்னைட்டு ஆகும். இது அந்திமனியும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. சூடான நீர்க்கரைசல்களிலிருந்து பாறை வெடிப்புகளில் படிவது. இப்படிவுகளின் மேற்பகுதி காற்றையும் மழைநீரையும் சந்திக்கும்போது கந்தகம் படிப்படியாக நீங்கி, அதன் இடத்தை ஆக்சிசன் பிடிக்கிறது. தனி உலோகமாகக் கிடைக்கும் அந்திமனியும் இவ்வாறே ஆக்சிசனேற்றம் அடைகிறது.

இம்மாற்றத்தின் பல நிலைகளையும் சில சுரங்கங்களில் ஒருங்கே காணலாம். கருஞ்சாம்பல் நிற இசுடிப்னைட்டு தொடக்க நிலை. கந்தகமும் ஆக்சிசனும் ஒருங்கே கொண்ட செந்நிறக் கெர்மெசைட்டு இடைநிலை. கந்தகம் முற்றிலும் நீங்கிய நிலையில் செனார்மோன்டைட்டும் வேலண்டினைட்டும் தோன்றுகின்றன. ஆக்சிசனேற்றம் மேலும் தொடர்ந்தால் அந்திமனியின் ஒரு பகுதி ஐந்து இணைதிறன் நிலையை அடைந்து, செர்வாண்டைட்டு, இசுடிபிகோனைட்டு என்று அழைக்கப்படும் மஞ்சள் நிறப் பொருட்கள் உண்டாகின்றன.

செனார்மோன்டைட்டின் அருமைக்குக் காரணம் இவ்வரிசையிலேயே உள்ளது. ஆக்சிசன் குறைந்தால் சல்பைடு சிதைவதில்லை. மிகுந்தால் ஆக்சிசனேற்றம் மூவாக்சைடோடு நிற்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய சூழல் நெடுங்காலம் நீடித்த இடங்களில்தான் பெரிய எண்முகிகள் வளர்ந்துள்ளன.

கிடைக்கும் இடங்கள்

முதலில் கண்டறியப்பட்ட செபல் அம்மிமாத் சுரங்கமே மிகச் சிறந்த படிகங்களைத் தந்த இடமாகும். இங்கு 3 செ.மீ. வரையிலான எண்முகிகள் கிடைத்துள்ளன. உலகின் பல அருங்காட்சியகங்களிலுள்ள மாதிரிகள் இவ்விடத்தைச் சேர்ந்தவை. பிற இடங்களில் அருங்கனிமமான இது, இங்கு அந்திமனித் தாதுவாகவே வெட்டி எடுக்கும் அளவுக்குச் செறிந்திருந்தது.

கனடாவின் கியூபெக்கு மாகாணத்தில் சவுத் ஆம் பகுதியிலுள்ள இலாக் நிக்கோலே சுரங்கத்தில், தனி அந்திமனி, இசுடிப்னைட்டு, கெர்மெசைட்டு, வேலண்டினைட்டு ஆகியவற்றோடு இது கிடைக்கிறது. சிலோவாக்கியாவின் பெர்னெக்கு, இத்தாலியின் சார்டீனியத் தீவு ஆகிய இடங்களிலிருந்தும் அறியப்பட்டுள்ளது.

இனங்காணல்

எண்முகி வடிவம், வெண்மை நிறம், அளவுக்கு மீறிய கனம், மென்மை ஆகிய நான்கும் சேர்ந்து இக்கனிமத்தை அடையாளம் காட்டுகின்றன. எண்முகியாகப் படிகமாகும் புளோரைட்டு இதனைவிடக் கடினமானது (4), எடை குறைந்தது (ஒப்படர்த்தி 3.2), செவ்வையாகப் பிளக்கக் கூடியது. ஆர்சனோலைட்டு தோற்றத்தில் ஒத்திருந்தாலும் அதன் ஒப்படர்த்தி 3.9 அளவே ஆகும். படிக வடிவம் தெரியாத பொதிகளில் வேலண்டினைட்டிலிருந்து பிரித்தறிய எக்சுக் கதிர்ச் சோதனை தேவைப்படுகிறது.

பயன்கள்

கனிமமாகச் சேகரிப்பாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டுமே இது பயன்படுகிறது. ஆனால் இதே அமைப்புள்ள செயற்கை மூவாக்சைடு மிகப் பரவலாகப் பயன்படுகிறது. இசுடிப்னைட்டை வறுத்தோ அந்திமனி உலோகத்தை உருக்கி எரித்தோ, எழும் ஆவியைக் குளிரச் செய்து இது பெறப்படுகிறது. ஆவியிலும் செனார்மோன்டைட்டில் உள்ள அதே கூண்டு மூலக்கூறுகளே உள்ளன.

நெகிழி, துணி, மின்கம்பி உறை ஆகியவற்றில் குளோரின் அல்லது புரோமின் சேர்மங்களோடு இது கலக்கப்படுகிறது. தீப்பிடிக்கும்போது உண்டாகும் அந்திமனி ஆலைடு ஆவி, தீச்சுடர் பரவுவதற்குக் காரணமான வினைமிகு துகள்களைப் பிடித்து அடக்குகிறது. குடிநீர்ப் புட்டிகள் செய்யப் பயன்படும் பாலியெத்திலீன் டெரிப்தாலேட்டு நெகிழித் தயாரிப்பில் வினையூக்கியாகவும், கண்ணாடித் தொழிலில் குமிழ் நீக்கியாகவும் இது பயன்படுகிறது. கூண்டு மூலக்கூறுகளால் ஆன இதன் மிக மெல்லிய படலங்களை நுண்மின்னணுச் சாதனங்களில் மின்காப்புப் படலமாகப் பயன்படுத்தும் ஆய்வுகளைச் சீன ஆய்வாளர்கள் 2019 முதல் வெளியிட்டு வருகின்றனர்.

நச்சுத்தன்மை

அந்திமனி மூவாக்சைட்டின் தூசியை நீண்ட காலம் மூச்சில் உள்ளிழுப்பது தீங்கானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989 இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருந்தது. 2022 இல் மீண்டும் ஆராய்ந்தபின், மூவிணைதிறன் அந்திமனியை அதனினும் வலுவான சான்றுகளைக் குறிக்கும் 2ஏ பிரிவுக்கு மாற்றியது. ஆகையால் செனார்மோன்டைட்டு மாதிரிகளைக் கையாள்வோர் அவற்றைத் தூசி எழும்படி உடைப்பதையும் அரைப்பதையும் தவிர்த்து, தொட்டபின் கைகளைக் கழுவுதல் வேண்டும். ஊதுகுழல் சோதனைகளில் இதன் வெண்புகையை நுகர்தல் கூடாது.