நரம்பு முனையின் சிப்பங்கள்

நரம்பு மின்சாரத்தால் மட்டுமே செய்தி உய்க்கிறது என்னும் கருத்தை, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஆட்டோ லோவி 1921ஆம் ஆண்டில் அசைத்தார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தளரச் செய்து, அதனுள் நின்ற நீரை மற்றோர் இதயத்திற் பெய்தார், அதுவும் தளர்ந்தது. நரம்பு முனை ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது என்பது புலனாயிற்று. அது அசெட்டில்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. அப்பொருள் நீர்போல் ஒழுகி வருகிறதா, அளந்து கட்டிய சிப்பங்களாக வருகிறதா என்பது தெளிய மேலும் முப்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அதைத் தெளிவித்தவர் பெர்னார்டு காட்ஸ். ஜெர்மனியின் லைப்சிக் நகரிற் பிறந்து அங்கேயே மருத்துவம் கற்ற யூதர். நாஜி ஆட்சிக்குத் தப்பி 1935இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை அடைந்தவர். போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையில் ரேடார் அலுவலராகப் பணியாற்றி, 1946இல் அக்கல்லூரிக்கு மீண்டார்.

அங்கே அவரும் பால் ஃபாட்டும், தவளைத் தசையில் நரம்பு வந்து சேருமிடத்தில் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகி ஆய்ந்தனர். நரம்பைத் தூண்டாத போதும் திரையிற் சிறு துடிப்புகள் தோன்றின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிவோல்ட்டு. கருவியின் இரைச்சலென்று எவரும் ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான். அவர்கள் ஒதுக்கவில்லை. மின்முனையை அவ்விடத்திலிருந்து விலக்கினால் துடிப்புகள் மறைந்தன. அசெட்டில்கோலினின் செயலைத் தடுக்கும் குராரே நஞ்சை இட்டாலும் மறைந்தன. கருவியின் பிழை நஞ்சுக்கு அஞ்சுமா?

1954இல் ஹோசே டெல் காஸ்டில்லோவும் காட்ஸும், தசையைச் சூழ்ந்த நீரிற் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தை மிகுத்து நரம்பைத் தூண்டினர். மறுமொழி சில வேளை எழவேயில்லை. எழுந்தபோது அச்சிறு துடிப்பின் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என்றே பெரும்பாலும் அமைந்தது. மூட்டையை அவிழ்த்துப் பாதி கொடுக்காத மொத்த வணிகரைப் போன்றது நரம்பு முனை.

அவ்வாண்டுகளிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி, நரம்பு முனைகளில் உருண்டைப் பைகள் செறிந்திருப்பதைக் காட்டியது. அவற்றின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொன்றினுள்ளும் பல ஆயிரம் அசெட்டில்கோலின் மூலக்கூறுகள். அவை நிரம்பும் வகை பிற்காலத்தில் விளங்கிற்று. பையின் சவ்வு ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைக்கிறது. அவை வெளியேற, அதற்கு மாற்றாகத் தூதுப்பொருள் உள்ளே ஏறுகிறது.

கணக்கிற் கண்ட சிப்பமும் கண்ணிற் பட்ட பையும் ஒன்றே எனக் காட்ஸ் துணிந்தார். 1970இல் நோபெல் பரிசு பெற்ற பின்னும் ஐயுற்றோர் இருந்தனர்; தூண்டிய கணத்திலேயே பை வாய்திறப்பதைப் படம்பிடிக்க இயலாதிருந்ததே காரணம். 1979இல் ஜான் ஹியூசர், தாமஸ் ரீஸ் முதலியோர், தூண்டிய ஆயிரத்திற் சில பங்கு நொடிக்குள் தவளைத் தசையைக் கடுங்குளிரூட்டிய செப்புக் கட்டியில் மோதவிட்டு உறையச் செய்தனர். பைகள் வாய்திறந்தபடியே உறைந்து நின்றன. திறந்த வாய்களின் எண்ணிக்கையும் சிப்பக் கணக்கும் ஒத்திருந்தன.