துவக்கும் கமராவும்

போன மார்கழியில மண்டைதீவுப் பக்கம் பூநாரைகள் வந்திருக்கெண்டு கேள்விப்பட்டு நாங்கள் நாலுபேர் போனனாங்கள். என்னட்ட இருந்தது ஒரு இரவல் கமரா. பரவைக் கடலுக்குள்ள தலையை விட்டு அதுகள் மேய்ஞ்சுகொண்டு நிண்டன. "நிக்கிற படம் என்னத்துக்கு? பறந்தாத்தான் வடிவு" எண்டு எங்களில ஒருத்தர் கையைத் தட்டினார். முழுக் கூட்டமும் எழும்பிப் பறந்தது. நான் போட்ட படங்களிலேயே ஆகக் கூடின லைக் அதுக்குத்தான்.

வரலாறு படிக்கிற ஆள் எண்டபடியால், காட்டுயிர்களை முதலில் படம் எடுத்தவர்கள் யார் என்று பிறகு தேடினேன். தேடத் தேட அந்தக் கைதட்டல் உறுத்தத் தொடங்கியது.

பிரித்தானியர் காலத்தில் இலங்கைக் காடு துரைமாரின் விளையாட்டுத் திடல். சாமுவேல் பேக்கர் தன் இலங்கை வேட்டைகளைப் பற்றி 1854 இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. கமரா காட்டுக்குள் வந்தபோது அதுவும் துவக்குக்குப் பின்னால்தான் வந்தது. செத்த மிருகம், பக்கத்தில் துவக்கோடு ஒருவர்: அந்தக் காலப் படங்களில் இது சாதாரணம்.

அதை மாற்றியவர்களில் பலர் ஆர்வத்தால் மட்டும் கமரா தூக்கியவர்கள். இங்கிலாந்தில் கேர்ட்டன் சகோதரர்கள் 1892 இல் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக, பாடம் செய்த மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தும் எடுத்தார்கள். இந்தியாவின் ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டினார். கால் பட்டதும் வெளிச்சம் அடித்துக் கமரா தானாகப் படம் எடுக்கும். 1927 இல் அந்தப் படங்களோடு அவருடைய நூல் வந்தது. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, அதை வைத்தே ஆளை அடையாளம் காணலாம் என்பதையும் அவர் கவனித்திருந்தார். இன்றைக்குப் புலிகளைக் கணக்கெடுப்பதும் இந்த வழியில்தான்.

தமிழிலும் ஒருவர் இருக்கிறார். 1912 இல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 1950 தொடக்கம் 1996 இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். யானை, காட்டெருமை மட்டுமில்லை, வீட்டு முற்றத்து அணிலும் காகமும் அவருக்கு விஷயம்தான். அவருக்குப் படம் என்பது பார்த்ததற்கான பதிவு. அந்த மிருகம் அந்த இடத்தில் அந்த நேரம் என்ன செய்தது என்பதுதான் முக்கியம்.

எங்கட படத்தில அது இல்லை. பூநாரை அங்க வந்தது சாப்பிட. நாங்கள் எடுத்தது எங்களுக்குப் பயந்து ஓடின ஒரு கூட்டத்தை. கடல் தாண்டி வாற பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் தேடிச் சேர்த்த சக்தியில ஒரு இழப்பு. "ஷூட் பண்ணப் போறம்" எண்டு நாங்கள் சும்மா சொல்லுற சொல்லுக்குள்ள அந்தத் துரைமார் இன்னும் இருக்கினம் போல.

தை மாதம் திரும்பப் போனேன், தனிய. கரையில இரண்டு மணித்தியாலம் இருந்தேன். சொண்டைத் தலைகீழாக் கவிழ்த்து, சேத்துத் தண்ணியை அரிச்சுத்தான் அதுகள் தின்னுறது எண்டதை அண்டைக்குத்தான் வடிவாப் பார்த்தேன். படத்தில எல்லாம் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஒருத்தரும் லைக் போடமாட்டினம். திகதி, இடம், எண்ணிக்கை மூண்டையும் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். பத்து வருஷம் கழிச்சு, இந்தக் கரைக்கு முந்தி எத்தனை பறவை வந்தது எண்டு ஆராவது கேட்டா, காட்டுறதுக்கு அந்தப் புள்ளிகள் இருக்கும்.