கொச்சியும் கூட்டு அகராதியும்

மொழி ஒருவரால் ஆக்கப்பெறுவதன்று. பலர் நாவிற் பிறந்து பலர் செவியில் வளர்வது. ஆயினும் அம்மொழியின் சொற்களைத் தொகுத்துத் தரும் அகராதி பெரும்பாலும் ஒருவர் பெயரையே தாங்கி வெளிவருகின்றது. சொல்லை எழுதியவரை நாம் அறிவோம். சொல்லைச் சொன்னவரை அறியோம். இக்குறையை நீக்க முற்பட்ட நூலொன்று 17ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியில் உருவாயிற்று என்பது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

தமிழ் அச்சின் வரலாற்றில் கொச்சிக்குத் தனியிடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அடுத்த ஆண்டே, என்றீக்கே அடிகளாரின் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சாயிற்று. 1663இல் டச்சுக்காரர் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றவே, இயேசு சபையாரின் பணி வடக்கேயுள்ள அம்பலக்காட்டில் தொடர்ந்தது. அங்கே 1679இல் புரோயன்சா அடிகளாரின் தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதி, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின் வெளிவந்தது. பதினாறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலை நாம் மறந்தே போயினோம். தனிநாயகம் அடிகளார் 1954இல் உரோமையில் அதன் படியைக் கண்டறிந்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்ட பின்னரே தமிழுலகம் அதனை மீண்டும் அறிந்தது.

அதே காலத்தில் டச்சுக் கொச்சியில் மற்றொரு பெரும்பணி நடந்தது. மலபார்ப் பகுதியை ஆண்ட வான் ரீடு என்பார் இந்நாட்டுச் செடிகொடிகளின் பெயர்களையும் பயன்களையும் தொகுப்பித்தார். 'ஹோர்டூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெயரால், 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அந்நூல் வெளிவந்தது. 700க்கும் மேற்பட்ட செடிவகைகள் அதில் இடம்பெற்றுள்ளன. படங்களில் செடியின் பெயர் மலையாளம், அரபு, நாகரி, இலத்தீன் எழுத்துகளில் பொறிக்கப்பெற்றது. முதற்பாகத்தின் தொடக்கத்தில் 'தெங்க' நிற்கிறது. நமது 'தெங்கு' அங்கே நம்மை வரவேற்கின்றது. செடிநூலாயினும் இதனைப் பன்மொழிச் சொற்களஞ்சியம் எனக் கூறுதல் தகும்.

இந்நூலின் சிறப்பு வேறொன்று. கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர், தாம் அறிந்தவற்றைச் சொல்லி எழுதுவித்தமைக்குக் கோலெழுத்தில் ஒரு சான்றுரை அளித்தார். அதன் நாள் 1675 ஏப்ரல் 20. இரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் நாகரியில் தனிச்சான்று தந்தனர். அவர்தம் இனத்தார் மட்டாஞ்சேரியில் இன்றும் வாழ்கின்றனர். அச்சுதன் சொன்னதைப் போர்ச்சுக்கீசியத்திற்கு மாற்றிய கார்னெய்ரோவின் பெயரும் மறைக்கப்படவில்லை. ஈழவரும் அந்தணரும், கத்தோலிக்கத் துறவியும் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஆளுநரும் ஒரு பணியில் இணைந்தனர்; சொல் சொன்னவர் பெயர் நூலின் முகப்பிலேயே நின்றது.

எனினும் ஒரு பெருங்குறை எஞ்சியது. நூல் இலத்தீனில் அமைந்தது. அறிவைக் கொடுத்தவர் அதனைப் படித்துத் திருத்த இயலவில்லை. பேராசிரியர் கா. சு. மணிலாலின் பல்லாண்டு உழைப்பால் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அது வெளிவரும்வரை, பிறந்த மண்ணுக்கே அந்நூல் பூட்டிய பெட்டகமாக இருந்தது.

இப்பூட்டைத் திறந்து வைத்துள்ளது இன்றைய கூட்டு அகராதி. 2002இல் தோன்றிய விக்சனரித் திட்டம் 2004இல் தமிழிலும் தொடங்கப்பெற்றது. இணையத்தில் இயங்கும் இவ்வகராதிக்குத் தொகுப்பாளராக எவரும் ஊதியமின்றிப் பணியாற்றலாம். ஒருவர் சொல்லையும் பொருளையும் இடுவார். இன்னொருவர் எடுத்துக்காட்டைச் சேர்ப்பார். பிறிதொருவர் பிழையை நீக்கி, பிறமொழி நிகர்ச்சொல்லைக் கூட்டுவார். எவர், எந்நாளில், எதனை மாற்றினார் என்பது அப்பக்கத்தின் வரலாற்றிலேயே பதிவாகும். அச்சுதன் அளித்த சான்றுரையின் வழித்தோன்றல் இது எனலாம்; சொல்லைக் கொடுத்தவரே படிக்கவும் திருத்தவும் இடமிருப்பது இதன் மேன்மை.

மட்டாஞ்சேரிக்கு இவ்வாய்ப்பு மிகவும் வேண்டப்படுவது. கொங்கணி, குசராத்தி, தமிழ், உருது எனப் பல மொழிகள் ஒரு தெருவின் இருபுறமும் ஒலிக்கும் ஊர் இது. கொச்சி யூதரின் மலையாள வழக்கோ, 1948க்குப் பின் அவர்களுள் பெரும்பாலோர் இசுரேல் சென்றமையால் இங்குக் கேட்பதற்கு அரிதாயிற்று. டச்சுக்காரர் காலத்தில் வந்தவர் எனக் கருதப்பெறும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் அருகிலுள்ள வெளியில் இன்றும் துணி வெளுக்கின்றன. அவர்தம் தொழிற்சொற்கள், அத்தொழிலை மேற்கொள்வோர் இருக்கும்வரையே உயிர்வாழும்.

ஆகவே, சொற்களைக் காப்பது புலவர்தம் கடன் மட்டும் அன்று. வெளுப்பவரிடமும் வைத்தியரிடமும் மிளகு வணிகரிடமும் சென்று, ஒரு சொல்லைக் கேட்டுப் பொருளறிந்து, அவர் இசைவு பெற்றுப் பதிவு செய்வது நம்மில் ஒவ்வொருவராலும் இயலும். அவர் விரும்பின், சொன்னவர் பெயரையும் உடன் எழுதுவோம். இட்டி அச்சுதனுக்குக் கொச்சி அன்று செய்த மரியாதை, இன்று சொல் தருவார்க்கும் உரியதாகுக.