மொறிஸ் மைனரின் இயந்திர மாற்றங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வண்டியொன்றின் இயந்திரத்தைப் பரிவலுவைக் கொண்டு மதிப்பிடுவதே பொதுவழக்கு. அவ்வலு எத்தனை ஆண்டுகள் குன்றாது நிற்கும் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வலுவும் உறுதியும் ஒன்றல்ல என்பதை, 1948 இல் பிரித்தானியாவில் அறிமுகமான மொறிஸ் மைனரின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது. இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் இவ்வண்டி, தன் உற்பத்திக் காலத்திலேயே நான்கு இயந்திரங்களைக் கண்டது.

வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உருளைகள் இருபுறமும் கிடையாக அமைந்த புதிய இயந்திரமொன்றையே இதற்கெனக் கருதியிருந்தார். அத்திட்டம் கைவிடப்படவே, 1930 களின் மொறிஸ் எயிற் வண்டியிலிருந்து வந்த 918 கன சதமமீற்றர்ப் பக்கவால்வு இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் வலு 27.5 பரிவலு மட்டுமே.

1952 இல் மொறிஸ், ஒஸ்ரின் நிறுவனங்கள் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதன் விளைவாக, ஒஸ்ரின் ஏ30 வண்டியின் 803 கன சதமமீற்றர் மேல்வால்வு இயந்திரம் மைனருக்கு வந்து சேர்ந்தது. ‘ஏ வரிசை’ என்னும் இயந்திரக் குடும்பத்தின் தொடக்கம் இதுவே. இதன் வலு 30 பரிவலு. ஆயின், ஏ30 இலும் பாரமான மைனரை இழுப்பதற்குப் பின்னச்சின் பல்லிணை விகிதம் 5.3 அளவில் வைக்கப்பட்டது. இதனால் இயந்திரம் எப்பொழுதும் மிகுவேகத்திற் சுழல நேர்ந்தது. நெடுந்தூர ஓட்டத்திற் கிராங்குத் தண்டின் போதிகைகள் விரைவில் தேய்ந்தன.

இக்குறையை நீக்கியமையே 1956 ஆம் ஆண்டு மாற்றத்தின் சிறப்பாகும். உருளைகளின் விட்டம் 58 மில்லிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 63 மில்லிமீற்றராகப் பெருக்கப்பட்டு, கொள்ளளவு 948 கன சதமமீற்றராயிற்று. இயந்திரத்தின் நீளத்தைக் கூட்டாது இதனைச் செய்வதற்காக உருளைகள் இரண்டிரண்டாக ஒட்டி வார்க்கப்பட்டன. வலு 37 பரிவலுவாக உயர்ந்தது. எனினும், கூடிய 7 பரிவலுவிலும் கண்ணுக்குப் புலப்படாத மாற்றங்களே பெரியன. இணைகோல்கள் பற்றும் கிராங்குத் தண்டின் பகுதிகள் தடிப்பாக்கப்பட்டன. வெள்ளுலோகப் போதிகைகளுக்குப் பதிலாக ஈய-இந்தியப் போதிகைகள் இடம்பெற்றன. எண்ணெய் முழுவதையும் வடித்தனுப்பும் வடிகட்டி சேர்க்கப்பட்டது. பல்லிணை விகிதம் 4.555 ஆகக் குறைக்கப்படவே, அதே வேகத்திற்கு இயந்திரம் சுழலவேண்டிய அளவு ஏழிலொரு பங்கு குறைந்தது. மிகுந்த வலுவுடைய இயந்திரம் குறைவாக உழைக்கலாயிற்று. உறுதி அதனாற் பிறந்தது.

1962 இல் வந்த 1098 கன சதமமீற்றர் இயந்திரம் 48 பரிவலுவைத் தந்தது. அவ்வலுவை அடக்குவதற்கு முன்சில்லுகளின் பிரேக் உருளியும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருக்கப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. முசலத்தின் வீச்சு நீண்டபோதும் கிராங்குத் தண்டின் பிரதான போதிகைகள் பழைய அளவிலேயே இருந்தன. பிற்கால ஆர்வலர்கள் எம்.ஜி. மிட்ஜெற், மொறிஸ் மரீனா வண்டிகளின் 1275 கன சதமமீற்றர் இயந்திரத்தை மைனருக்குள் அமைத்ததற்கு, அதன் பெரிய போதிகைகளும் ஒரு காரணம். அவர்களும் பிரேக்கை மாற்றாது இயந்திரத்தை மட்டும் மாற்றுதல் தகாதென உணர்ந்திருந்தனர். இவ்வாறு மாற்றுவது வண்டியின் தனித்தன்மையைக் கெடுக்கும் என வாதிடுவோர் உளர். இரவல் இயந்திரத்தோடு பிறந்து, ஆக்கியோராலேயே மும்முறை மாற்றப்பட்ட வண்டிக்கு அவ்வாதம் எவ்வளவு பொருந்தும் என்பது சிந்தனைக்குரியது.

1990 இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதான யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய வண்டிகள் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் குறைந்த அமுக்க விகிதம் இதற்கு இடமளித்தது. ஆயினும், எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழியே இறங்கி உராய்வெண்ணெயை நீர்க்கச் செய்யும். அதன் தாக்கம் போதிகைகளையே சென்றடையும். பொறியியலாளர் ஒருவரின் தொலைநோக்கு விளம்பரத்தில் இடம்பெறும் பரிவலுவில் அன்று, கழற்றினாலன்றிக் காணமுடியாத இச்சிறு உறுப்புகளிலேயே தங்கியுள்ளது. நோயாளரையும் முதியோரையும் சுமந்து அவ்வண்டிகள் ஓடிய ஆண்டுகளே அதற்குச் சான்று.